ஜீப் டிஃபரென்ஷியலில் குழி தோண்டும் கருவி: யாராவது செய்திருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. பொள்ளாச்சிப் பக்கம் தென்னங்கன்று நடக் குழி எடுக்க வேண்டும். ஆள் கிடைப்பதில்லை. அதனால் காயலான் கடையில் வாங்கிய பழைய ஜீப் பின் ஆக்சிலை (நடுவில் இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலோடு) வைத்து, டிராக்டர் பி.டி.ஓ.வில் (டிராக்டரின் பின்னால் கருவிகளை ஓட்டும் சுழல் தண்டு) ஓடும் குழிக்கருவி ஒன்றை நானும் அண்ணனும் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆக்சிலைச் செங்குத்தாக நிறுத்தி, கீழ்ப்பக்கம் ஆகர் (மண்ணைத் துளைக்கும் திருகுத் தண்டு) மாட்டுகிறோம். மேல்பக்கத்தை வெட்டியாயிற்று. இங்கேதான் குழப்பம். பினியன் (டிஃபரென்ஷியலுக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் பற்சக்கரம்) நாலரைச் சுற்று சுற்றினால் ஆக்சில் ஒரு சுற்று. மேல்பக்கத்தைப் பூட்டிவிட்டால் கீழ்ப்பக்கம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும்; பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் ஆகர் 240 சுற்று. டிஃபரென்ஷியலுக்குள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்களை வெல்டு வைத்துவிட்டால் 120தான். எங்கள் மண்ணில் கல் உண்டு, அதனால் 120 தான் பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. அண்ணனோ, வெல்டு விட்டுப்போனால் மொத்தமும் போச்சு என்கிறார். செய்து ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம் ஆயில். நிமிர்த்தி நிறுத்தினால் ஆயில் எல்லாம் கீழே இறங்கி, மேல் பேரிங் காய்ந்துவிடுமே? முழுக்க நிரப்பலாமா, கிரீஸ் போதுமா?

ஆகர் முனைக்கு லாரி லீஃப் ஸ்பிரிங் பட்டையை வெட்டி வைத்தோம். சூடாக்காமல் வெல்டு வைத்ததால் ஓரத்தில் விரிசல் விட்டுவிட்டது. இனி போல்ட் போட்டே மாட்டப் போகிறோம்.

கல்லில் சிக்கினால் முதலில் முறிவதற்கு ஒரு ஷியர் போல்ட் கட்டாயம் வைக்கிறோம். எந்த அளவு போல்ட் சரியாக இருக்கும்? படம் இருந்தால் தயவுசெய்து போடுங்கள். மழைக்கு முன் நட்டுவிட வேண்டும்.