தண்ணியில போனவங்களை தூக்கினப்ப என்ன செஞ்சாங்க? பார்த்ததை எழுதுங்க

பீலிக்கரை (தலவாக்கலை பக்கம்):
அருவி வருசத்துக்கு ஒரு உசுரு கேக்கும்னு சொல்ற கதையை கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. செயின்ட் கிளேயர் அருவியில ஒருத்தன் போனாலும் இதே பேச்சு, துன்ஹிந்தவுல போனாலும் இதே பேச்சு. அருவி ஒண்ணும் கேக்கல. பாறையெல்லாம் பாசி, நம்ம புள்ளைங்களுக்கு நீச்சல் தெரியாது, தண்ணி கொட்டுற பீலியில நின்னு குளிச்சு வளந்தவனுக்கு எங்க நீச்சல் வரும். மேல நுவரெலியாவுல மழை கொட்டினா கீழ வெயில் அடிக்கிறப்பவே கொத்மலை ஓயாங்கிற ஆறு ஏறும், டேம் கதவு தொறக்கப் போறாங்கன்னு சைரன் அடிச்சாலும் செல்ஃபி எடுக்கிறவன் எடுத்துக்கிட்டே நிப்பான்.

அதை விடுங்க, நான் கேக்க வந்தது வேற. ஆளை தூக்கி கரையில போட்டதுக்கு அப்புறம் நம்ம சனம் செய்ற வேலை இருக்கே, காலைப் புடிச்சு தலைகீழா தொங்க விடுறது, வயித்துல ஏறி அமுக்குறது, ரப்பர் டியூப் மேல குப்புற போட்டு உருட்டுறது, இதுல எது சரி எது பிழை? யாராச்சும் நேர்ல பார்த்திருந்தா எழுதுங்க. செத்தவங்க பேரு, தோட்டத்துப் பேரு வேணாம், அவங்க வீட்டாளுங்களும் இதை படிப்பாங்க.

மேட்டுலயம்:
எங்க ஊர்ல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் போனாங்க. தம்பி வழுக்கிட்டான், அண்ணன் உடுத்தியிருந்த ஜீன்ஸோடவே குதிச்சான். தம்பி அவன் கழுத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டான், முங்குறவனுக்கு அண்ணன் தம்பி எல்லாம் தெரியாதுங்க, கையில கிடைச்சதுல ஏறி மேல வரத்தான் பார்ப்பான். கரையில நின்ன பொம்பளைங்க கொழுந்தெடுக்க இடுப்புல கட்டியிருந்த படங்கை அவுத்து முடிச்சு போட்டு வீசினாங்க, வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு பேரும் கீழ போயிட்டாங்க. அந்தப் படங்கை மொதல்ல வீசியிருந்தா ஒருத்தனாவது மிஞ்சியிருப்பான்னு இன்னைக்கும் சொல்லிக்குவாங்க. இதுக்கு மேல எழுத மனசு வரல்ல.

பதுளைக்காரி:
நான் நர்சிங் படிச்சவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தப்ப ஓயாவுல குளிக்கப் போன கூட்டத்துல ஒரு பத்து வயசுப் பையன் காணாமப் போனான். யாருக்கும் சத்தம் கேக்கல. படத்துல காட்டுற மாதிரி கையை ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்தமாட்டாங்க, வாய் தண்ணிக்கு மேலயும் கீழயுமா போய் வரும், மூச்சு எடுக்கவே நேரம் இல்லாதப்ப கத்துறது எங்க. பக்கத்துல நின்ன அவனோட அக்காவே அவன் விளையாடுறான்னுதான் நினைச்சிருக்கா.

தூக்கிட்டு வந்தப்ப உதடு நீலம், பல்லு ஈறெல்லாம் மணல். அவங்க மாமா ரெண்டு காலையும் புடிச்சு தொங்கப் போட்டு சுத்த ஆரம்பிச்சிட்டாரு. "மாமா கீழ போடுங்க"ன்னு நான் போட்ட சத்தத்துல அவரே பயந்து போட்டுட்டாரு. மல்லாக்கப் படுக்க வச்சு, நெத்தியில ஒரு கை, தாடையில ரெண்டு விரல், தலையை பின்னால சாச்சு, மூக்கை பொத்திக்கிட்டு ஊதினேன். நெஞ்சு ஏறல. தலையை இன்னும் கொஞ்சம் சாச்சு ஊதினப்பதான் நெஞ்சு எழும்பிச்சு. மொதல்ல 5 ஊதல், அப்புறம் நெஞ்சை 30 தரம் அமுக்கி 2 ஊதல், நிமிசத்துக்கு 100ல இருந்து 120 வேகத்துல. பெரியாளுக்கு 5, 6 சென்டிமீட்டர் கீழ போகணும், சின்னப் புள்ளைக்கு நெஞ்சுக் கனத்துல மூணுல ஒரு பங்கு. வாயில நுரை வந்துக்கிட்டே இருக்கும், அதை துடைச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, நுரையோட ஊதணும். அவன் இருமி வாந்தி எடுத்தான், ஒடனே பக்கவாட்டுல திருப்பிப் போட்டோம். யாரோ 1990 ஆம்புலன்ஸ் நம்பருக்கு கோல் எடுத்திருந்தாங்க, வண்டி வந்திச்சு. எழும்பி உக்காந்து பேசுறான், இனி எதுக்கு ஆஸ்பத்திரின்னு மாமா கேட்டாரு. நுரையீரல் சில மணித்தியாலம் கழிச்சும் மோசமாகும், விடாம ஏத்தி அனுப்பினேன்.

இன்னொண்ணு. டீவியில நெஞ்சை மட்டும் அமுக்கினாப் போதும், வாயில ஊதத் தேவையில்லன்னு சொல்றாங்களே, அது மாரடைப்புல பொத்துன்னு விழுந்தவனுக்கு, அவன் ரத்தத்துல இன்னும் ஒக்சிஜன் இருக்கும். தண்ணியில போனவனுக்கு ஒக்சிஜன் தீந்துதான் இதயமே நிக்குது. இவனுக்கு மொதல்ல காத்துதான். வயித்தை அமுக்கி தண்ணி எடுக்கிறதுல, வயித்துல கெடக்கிறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போறதுதான் மிச்சம். ஹைம்லிக்னு அமெரிக்க டொக்டர், தொண்டையில சாப்பாடு அடைச்சா செய்ற முறைக்கு பேர் போனவர், முங்கினவங்களுக்கும் வயித்தைத்தான் அமுக்கணும்னு ரொம்பக் காலம் வாதாடினாரு, மத்த டொக்டர்மார் ஒத்துக்கல.

ஸ்டோர் தாத்தா (மஸ்கெலியா):
நான் தேயிலை ஃபேக்டரியில டீமேக்கரா இருந்து ரிட்டயர் ஆன ஆள். மவுசாகலை டேம் கட்டி பழைய மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள்ள போனதை பார்த்தவன், கடும் வெயில் காலத்துல தண்ணி வத்தினா பழைய கோயில் இன்னைக்கும் வெளிய தெரியும், புள்ளைங்க அங்க எறங்கி சேத்துல மாட்டிக்கிறதும் உண்டு. நாங்க இஸ்கூல்ல ஸ்கவுட்ல இருந்தப்ப மாஸ்டர் சொல்லிக் குடுத்தது வேற மகள். ஆளை குப்புறப் படுக்க வச்சு, நாம தலைமாட்டுல முட்டி போட்டு, முதுகுல ரெண்டு கையும் வச்சு அமுக்கணும், பிறகு முழங்கையைப் புடிச்சு நம்ம பக்கம் தூக்கணும், இப்பிடியே மாத்தி மாத்தி. அதை வச்சு ஒரு ஆளை எழுப்பினதை நான் கண்ணால பார்த்திருக்கிறேன். இப்ப அது பிழைன்னா சொல்றீங்க?

கடசி பஸ்:
தாத்தா, அது ஹோல்கர் நீல்சன் முறை, டென்மார்க்காரர், 1932. உங்க மாஸ்டர் பிழையா சொல்லல, அந்தக் காலத்துல புத்தகத்துல இருந்ததே அதுதான். அதுக்கு முந்தி 1903ல ஷேஃபர்னு ஒருத்தர் குப்புறப் போட்டு விலாவை அமுக்கச் சொன்னாரு, அதுக்கும் முந்தி 1858ல சில்வெஸ்டர் மல்லாக்கப் போட்டு கையை தலைக்கு மேல இழுக்கச் சொன்னாரு.

பீலிக்கரை அண்ணே சொன்ன தலைகீழா தொங்க விடுற வேலையெல்லாம் வெள்ளைக்காரனும் செஞ்சதுதான், பீப்பாய் மேல போட்டு உருட்டினான், குதிரை முதுகுல குறுக்கால போட்டு ஓட விட்டான். ஆம்ஸ்டர்டாம் முழுக்க கால்வாய், ஆளுங்க விழுந்துக்கிட்டே இருந்தாங்க, அதனால 1767ல முங்கினவங்களை காப்பாத்தவே ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதைப் பார்த்து 1774ல லண்டன்ல வில்லியம் ஹாஸ், தோமஸ் கோகன்னு ரெண்டு டொக்டர்மார் ஆரம்பிச்சதுதான் ரோயல் ஹியூமேன் சொசைட்டி. அவங்க வைத்தியத்துல ஒண்ணு, சிரிக்காம படிங்க, புகையிலைப் புகையை துருத்தி வச்சு பின்பக்கமா உள்ள ஏத்துறது! அதுக்குன்னே பெட்டி செஞ்சு தேம்ஸ் ஆத்தோரம் வச்சிருந்தாங்க. 1811ல பிரோடின்னு ஒரு டொக்டர் புகையிலை நஞ்சு இதயத்தையே நிப்பாட்டுதுன்னு காட்டினதுக்கு அப்புறம்தான் அது மெல்ல ஒழிஞ்சிச்சு.

எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா சரியான முறை அப்பவே கையில இருந்திச்சு. 1732ல ஸ்கொட்லாந்துல டொசாக்னு ஒரு டொக்டர், நிலக்கரிச் சுரங்கத்துப் புகையில மூச்சு நின்ன தொழிலாளிக்கு வாயோட வாய் வச்சு ஊதி எழுப்பிட்டாரு, 1740ல பாரிஸ் விஞ்ஞான அகாதமியே முங்கினவங்களுக்கு இதைச் செய்யுங்கன்னு சொல்லிச்சு. அதை ஓரம் கட்டிட்டு இருநூறு வருசம் புகை ஏத்தி, கையை இழுத்து, முதுகை அமுக்கிக்கிட்டு கெடந்தாங்க. 1950கள்ல எலம், சஃபர்னு ரெண்டு பேரு, அதுலயும் சஃபர் விருப்பப்பட்டு வந்த ஆளுங்களுக்கு மருந்து குடுத்து மூச்சை நிப்பாட்டி வச்சு, முதுகை அமுக்குறதை விட வாயில ஊதினாத்தான் காத்து நல்லா போகுதுன்னு காட்டினாங்க. நெஞ்சை அமுக்குற முறை 1960ல வந்திச்சு, அதுல முன்னுக்கு நின்ன கோவன்ஹோவன் டொக்டரே இல்ல, எலக்ட்ரிக்கல் இஞ்சினியர். இப்ப கணக்குப் பாருங்க, தாத்தா 1932, நம்ம மாமா இன்னும் 1767ல நிக்கிறாரு.

பதுளைக்காரி:
ஹா ஹா. நாங்க ஊதிப் பழகின ரப்பர் பொம்மைக்குக் கூட முங்கின கதை இருக்கு. பாரிஸ்ல சீன் ஆத்துல எடுத்த பேர் தெரியாத ஒரு பொண்ணோட முகம்னு சொல்லப்படுற அச்சை வச்சுத்தான் நோர்வேயில பொம்மை செய்ற லேர்டால் 1960ல அந்த முகத்தை செஞ்சாரு. அவரோட சின்ன மகனே ஒருக்கா தண்ணியில போய் தப்பினவன்.

பீலிக்கரை:
அக்கா ஒரு டவுட். குளிர் தண்ணியில ரொம்ப நேரம் கெடந்தாலும் பொழைப்பாங்கன்னு வட்ஸ்அப்ல சுத்துதே, நம்ம ஊர் தண்ணியும் ஐஸ் மாதிரிதானே?

பதுளைக்காரி:
அது 1999ல நோர்வேயில ஐஸுக்கு கீழ மாட்டின பொம்பளை டொக்டர். 80 நிமிசம் தண்ணிக்குள்ள, உடம்புச் சூடு 13.7 பாகைக்கு எறங்கியும் பொழைச்சாங்க. ஆனா அவங்களுக்கு ஐஸுக்கு கீழ மூச்சு விட கொஞ்சம் காத்து கெடைச்சிச்சு, உடம்பு விறைச்சதுக்கு அப்புறம்தான் இதயம் நின்னிச்சு. நம்ம ஓயா தண்ணி பல்லு கிட்டும், அந்தளவுக்கு விறைக்காது தம்பி. கரைக்கு வந்த ஒடனே ஊதணும், அவ்வளவுதான்.

த்ரீவீல் ஹட்டன்:
ஊதுறதை விடுங்க அக்கா, தொடவே மாட்டேங்கிறாங்களே. பொலிஸ் வரும், மரண விசாரணைக்கு கோட்டுக்கு இழுப்பாங்கன்னு நூறு பேர் சுத்தி நின்னு போன்ல வீடியோ எடுப்பாங்க. லயத்துக்குள்ள (தோட்டத்து வரிசை வீட்டுக்குள்ள) கொண்டு போக விடமாட்டாங்க, தீட்டாம்.

கடசி பஸ்:
அண்ணே லண்டன்லயும் இதே கதைதான். யாரும் வீட்டுக்குள்ள எடுக்கலன்னு, காப்பாத்துறவனுக்கு 4 கினி (அந்தக் காலத்து இங்கிலீஸ் தங்கக் காசு), வீட்டுல எடம் குடுக்கிறவனுக்கு 1 கினின்னு காசு அறிவிச்சாங்க. ஒடனே ஒருத்தன் முங்கின மாதிரி நடிக்க, கூட்டாளி தூக்கின மாதிரி நடிக்க, காசை பங்கு போட்டுக்கிட்டானுங்க. அப்புறம்தான் காசை விட்டுட்டு மெடல் குடுக்க ஆரம்பிச்சாங்க.

த்ரீவீல் ஹட்டன்:
நம்மாளுங்க அதுக்கும் மேல போவாங்க. நான் சீட்டுக்குப் பின்னால 5 லீட்டர் எண்ணெய் கேன், மூடி இறுக்கினது, கயிறு கட்டி வச்சிருக்கேன். காசல்ரீ டேம் பக்கம் ஹயர் போனா டூரிஸ்ட்காரன் இது என்னன்னு கேப்பான். குதிக்கத் தேவையில்ல, கரையில குந்திக்கிட்டு வீசினாப் போதும்.

மேட்டுலயம்:
வெறுங் கேன் காத்துக்கு பறக்காதா அண்ணே? கயிறு என்ன கயிறு?

த்ரீவீல் ஹட்டன்:
ஒரு கோப்பை தண்ணி உள்ள ஊத்துங்க, வீச்சு நேரா போகும். கயிறு நைலோன், ஹார்ட்வெயார்ல கெடைக்கும். மாட்டுக்கயிறு வேணாம், நனைஞ்சா கனம். ஆளுக்கு நேரா வீசாம தலைக்கு அங்கால வீசி இழுங்க, கயிறு அவன் கையில படும்.