மகள் பனியனில் ‘பாய்லர்மேக்கர்ஸ்’: இது என்ன பெயர்?

மதுரைக்காரன்:
மகள் இந்த வருடம் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். சேர்ந்திருக்கிறாள். வீடியோ காலில் பார்த்தால் பனியனில் ‘பாய்லர்மேக்கர்ஸ்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. கல்லூரி அணிக்குப் புலி, கரடி என்று வைப்பார்கள், சரி. பாய்லர் செய்கிறவர்கள் என்றா வைப்பார்கள்? அவளைக் கேட்டால், "இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கப்பா" என்கிறாள்.

பழைய பர்டியூ:
யாரும் யோசித்து வைத்ததில்லை சார், தோற்ற ஊர் திட்டியது. 1891-இல் பர்டியூ பையன்கள் கிராஃபோர்ட்ஸ்வில் ஊருக்குப் போய் வாபாஷ் கல்லூரியை அமெரிக்கன் ஃபுட்பாலில் 44-0 என்று துவைத்துவிட்டார்கள். பர்டியூவில் படிப்போடு பட்டறை வேலையும் உண்டு. கொல்லுலை, வார்ப்பு என்று பழகிய கை. வாபாஷோ ஏட்டுப் படிப்புக்குப் பேர்போன இடம். உள்ளூர்ப் பத்திரிகை கடுப்பில் ‘பர்டியூவின் முரட்டு பாய்லர்மேக்கர்கள்’ என்று தலைப்புப் போட்டது. மோனான் ரயில்வே பட்டறை ஆட்களையே மாணவர் என்று சொல்லி இறக்கினார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. தோற்றவர்கள் கிளப்பிவிட்டது என்பேன் (நான் வேறென்ன சொல்வேன்!). அதற்கு முன்பே பட்டிக்காட்டான், பூசணிக்காய் உரிக்கிறவன் என்றெல்லாம் கேட்டவர்கள். இந்தத் திட்டு மட்டும் பிடித்துப்போய்விட்டது. அதே வருடம் ஆய்வுக்கூடத்துக்கு நிஜ ரயில் எஞ்சின் ஒன்றும் வந்து சேர்ந்தது. 1940 முதல் எஞ்சின் வடிவ வண்டி ஒன்றை ஓட்டுகிறார்கள். அதன் ஹாரன் சத்தம் மகள் தூக்கத்தைக் கெடுக்கும், இப்போதே சொல்லிவையுங்கள்.

நார்மன்வாசி:
எங்கள் ஓக்லஹோமா ‘சூனர்ஸ்’ இதைவிட மோசம். 1889 ஏப்ரல் 22, நண்பகல் 12 மணிக்குத்தான் குடியேறிகள் ஓக்லஹோமா எல்லைக்குள் ஓடி நிலம் பிடிக்கலாம் என்று உத்தரவு. முந்தியே திருட்டுத்தனமாய்ப் புகுந்து நல்ல மண்ணில் முளையடித்தவர்கள்தான் சூனர்கள். பூர்வகுடிகளிடமிருந்து வாங்கிய பூமி, அதிலும் தில்லுமுல்லு. பல்கலைக்கழகம் 1908-இல் கூச்சமே இல்லாமல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது.

ஏம்ஸ் மாணவன்:
அயோவா ஸ்டேட் ‘சைக்ளோன்ஸ்’ பத்திரிகை கொடுத்ததுதான். 1895-இல் நார்த்வெஸ்டர்னை 36-0 என்று அடித்தபோது, சூறாவளி தாக்கியது என்று சிகாகோ ட்ரிப்யூன் எழுதியது.

மதுரைக்காரன்:
நன்றி தம்பிகளா. அந்த வாபாஷ் அணிக்கு என்ன பெயர்?

பழைய பர்டியூ:
‘லிட்டில் ஜயன்ட்ஸ்’ சார். குட்டி ராட்சதர்கள். 44-0 கணக்கில் ‘குட்டி’ மட்டும்தான் தெரிந்தது.