கிரேனியம்: மண்டையோடா, கபாலமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் உடற்கூற்றியல் கலைச்சொல் பட்டியலில் ஸ்கல் (முகமும் சேர்ந்த முழுத் தலையெலும்பு), கிரேனியம் (அதில் மூளையைச் சூழ்ந்த பகுதி) இரண்டுக்கும் ‘மண்டையோடு’ என்றே போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம் என்கிற யோசனைக்கு என்னால் தலையாட்ட முடியவில்லை. பேச்சில் அது நடக்கும். உடற்கூற்றியல் பாடத்தில் நடக்காது. காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகளை விட்டுவிட்டால் தலையில் 22 எலும்புகள். அவற்றில் மூளையைச் சூழ்ந்து நிற்பவை எட்டு, முகத்துக்கு உரியவை 14. அந்த எட்டும் சேர்ந்த பெட்டகம்தான் கிரேனியம். (கீழ்த்தாடையை மட்டும் கழற்றிவிட்டு மீதி முழுவதையும் கிரேனியம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்தக் குழப்பத்தையும் சேர்த்து நாம் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.)

மண்டையோட்டைக் கிரேனியத்துக்கு ஒதுக்கிவிட்டு ஸ்கல்லுக்கு வேறு சொல் தேடலாம் என்பது அடுத்த யோசனை. மின்மாற்றிக் கம்பத்தில் தொங்கும் ‘அபாயம்’ பலகையைப் பாருங்கள். இரண்டு கண்குழி, மூக்குத் துளை, பல்வரிசை, அடியில் குறுக்காக இரண்டு எலும்பு. அந்தப் படத்தை ஊரார் மண்டையோடு என்றுதான் சொல்கிறார்கள், முகத்தையும் பல்லையும் சேர்த்தே. ஊர் முழுமைக்கு வழங்கும் சொல்லைப் பாதிக்குச் சுருக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வேற்றுமை உருபின் தொல்லை வேறு இருக்கிறது. ‘மண்டையோடு தாடை இணையும் இடம்’ என்று எழுதினால் அந்த ‘ஓடு’ எலும்பா, உருபா? இந்த லட்சணத்தில் தனித்தமிழ் அன்பர் ஒருவர் கிரேனியத்துக்கு ‘மூளையோடு’ என்று முன்மொழிகிறார். ‘மூளையோடு பிறந்த குழந்தை’ என்றால் அது வாழ்த்தா, மருத்துவ அறிக்கையா?

என் வாக்கு கபாலத்துக்கு. வடசொல் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவனான பிச்சாடனர் கையிலும், மண்டையோடு ஏந்திய சைவத் துறவிகளான காபாலிகர் கையிலும் இருக்கும் கபாலம் என்ன? பிச்சை ஏற்கும் கலம். மண்டையின் மேற்பகுதியைக் கவிழ்த்துப் பிடித்தால்தான் அது கலமாகும். தாடைக்கும் பல்லுக்கும் அங்கே வேலை இல்லை. ஆக, மூளை இருந்த பகுதி என்கிற பொருள் இந்தச் சொல்லின் பழைய வழக்கிலேயே கிடக்கிறது, நாம் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை. சம்பந்தர் பாடிய கபாலீச்சரம் மயிலையில் இன்றும் அதே பெயரோடு நிற்கிறது. வெயிலில் நின்றால் ‘கபாலம் பிளக்கிறது’ என்று படிக்காதவரும் சொல்கிறார். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், அனாட்டமியை ‘அங்காதிபாதம்’ என்று எழுதினார். அந்தச் சொல்லை இன்று விளக்கவுரை இல்லாமல் யாருக்கும் புரியவைக்க முடியாது. கபாலத்துக்கு அந்தக் கதி இல்லை.

தொகைச்சொல் ஆக்கிப் பார்த்தாலும் சுளுவாக வருகிறது: கபால நரம்புகள் (12 இணை), கபால உள்ளழுத்தம், கபாலக் குழி. ‘மண்டையோட்டு உள்ளழுத்தம்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கபாலத்தின் மேல்கூரையான கால்வேரியாவுக்கு ‘கபாலமூடி’ போதும். பிணக்கூறாய்வில் புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கிச் சுற்றிவர ரம்பத்தால் அறுத்து, மேல்பகுதியைத் தனியாகத் தூக்கி எடுப்பார்கள். கையில் வருவது தேங்காய் மூடியைப் போன்ற ஒரு துண்டு. உட்புறத்தில் இரத்தக்குழாய்கள் பதிந்த தடங்கள் கிளை கிளையாகத் தெரியும்.

பச்சிளங்குழந்தையின் மண்டையில் எலும்பு இன்னும் மூடாத மெத்தென்ற இடமான பான்டனெல்லுக்குச் சொல் ஆக்கவே வேண்டாம். உச்சிக்குழி என்று பாட்டிமார் எண்ணெய் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள்.

மண்டை எலும்புகள் ஒன்றோடொன்று கூடும் கோடான சூச்சருக்குத் ‘தையல்’ என்று பட்டியலில் கண்டேன். அதை மட்டும் எடுத்துவிட வேண்டுகிறேன். ‘மண்டையில் தையல் பிரிந்திருக்கிறது’ என்று படிக்கிற செவிலியர் பஞ்சையும் ஊசியையும் தேடுவார். தச்சர்கள் மரத்தோடு மரம் கவ்வும் இடத்தைப் பொருத்து என்பார்கள். பல் பல்லாகக் கோத்து நிற்கும் கபால எலும்புகளுக்கு அது அப்படியே பொருந்துகிறது. உச்சியில் முன்பின்னாக ஓடுவது நெடும்பொருத்து, நெற்றியெலும்பின் பின்விளிம்பில் குறுக்காக ஓடுவது குறுக்குப்பொருத்து. பிடரிப் பக்கம் இருக்கும் லாம்ப்டாய்டு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கிரேக்க எழுத்தின் வடிவத்தால் வந்த பெயர் அது. ‘பிடரிப்பொருத்து’ என்று இடத்தால் பெயரிடலாமா? மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.