புதுப்பிப்பு: ஏரியோரக் களிமண்ணில் நீர் வடியாத வயல்

காவேரிப்பட்டணம் பக்கம், தூர்ந்த பழைய ஏரியை ஒட்டிய எங்கள் வயலில் மழைநீர் வடியாமல் தக்காளி வாடியதை ஐப்பசியில் எழுதியிருந்தேன். நேற்று இரண்டடி குழி வெட்டிப் பார்த்தேன்.

மேலே கறுப்பு, ஒரு முழத்துக்குக் கீழே சாம்பல் நிறம், நடுநடுவே துருப்புள்ளிகள். நீர் நின்று காற்றில்லாத மண்ணில் இரும்பு கரைந்து நகர்கிறது. வேர்த்தடத்தில் காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. ஈரமண்ணை விரலிடையில் பிதுக்கினால் உடையாமல் நாடாவாக நீள்கிறது. அசையாத நீரில் கடைசியாகப் படியும், 0.002 மி.மீ.க்கும் சிறிய களித்துகள் இது. நீர் எப்படி இறங்கும்!

அந்தப் பதிவைப் படித்துவிட்டு மணல் கொட்டச் சொன்ன அண்ணா, மன்னியுங்கள், இங்கே அது வீண் செலவு. வடிகால் வெட்டி மேட்டுப்பாத்தி போட்டுவிட்டேன். மண்ணைச் சீர்திருத்தப் போடும் ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் பலன் தரும். அதனால் இது களர்தானா என்று அறிய, முதலில் எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண்ணைச் சோதிக்கக் கொடுக்கப் போகிறேன்.