எரிமலை கொடுத்த வெந்நீர்: தோயா ஏரிக்கரையில் ஒரு நாள்

பென்னாகரத்திலிருந்து:

ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துவிடும் மாமாவின் கையில் வளர்ந்தவன் நான். குளியலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். வெல்டிங் பயிற்சிக்காக ஜப்பானின் முரோரான் நகரில் இருந்தபோது, ஒரு விடுமுறை நாளில் அந்த நினைப்பு போனது.

பக்கத்தில் உள்ள தோயா ஏரிக்கரை, வெந்நீர் ஊற்று விடுதிகளுக்குப் பெயர் பெற்றது. இடுப்புத் துண்டோடு தொட்டியில் காலை வைத்தேன். கழுத்தளவு நீரில் இருந்த ஒரு பெரியவர் பதறிக் கையை ஆட்டினார். முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்து முடிக்க வேண்டும். பிறகு பிறந்த மேனியாக இறங்க வேண்டும். துண்டுக்கு இடம் தலைமேல். கோவணத்தோடு ஊர் பார்க்க எண்ணெய் தேய்த்துக்கொண்டவனுக்கே கூச்சம் வந்துவிட்டது.

என் அரைகுறை ஜப்பானிய மொழியிலும் அவருடைய பொறுமையிலும் பேச்சு நடந்தது. “என் தாத்தா சிறுவனாக இருந்தபோது இந்த வெந்நீரே கிடையாது” என்றார். பின்னால் நிற்கும் உசு மலை 1910-ல் வெடித்த பிறகுதான் கரையில் சூடான ஊற்று தென்பட்டதாம். 1917-ல் முதல் விடுதி வந்தது. அதாவது, ஊரை விரட்டிய மலையே ஊருக்குப் பிழைப்பையும் கொடுத்திருக்கிறது.

மலை அதோடு ஓயவில்லை. 1943 இறுதியில் நிலம் நடுங்கத் தொடங்கி, கோதுமை வயல் புடைத்து, 1945-க்குள் ஒரு புதிய மலையே எழுந்துவிட்டது. போர்க்காலம் என்பதால் கருவிகளுக்கும் பொருள்களுக்கும் பஞ்சம். உள்ளூர் அஞ்சலகத் தலைவர் மிமாட்சு மசாவோ என்ன செய்தார் தெரியுமா? அஞ்சலகத்தின் பின்புறம் நூல்களைக் குறுக்கே கட்டி, மோவாயை எப்போதும் ஒரே இடத்தில் ஊன்றி, மலை வளர வளர அதன் விளிம்பைக் கோடு கோடாக வரைந்தார். அந்தப் படங்கள் 1948-ல் ஆஸ்லோவில் நடந்த எரிமலை அறிஞர்கள் மாநாடு வரை போயின. அதற்கு முன்பே, 1946-ல், அந்த மலையையே விலைக்கு வாங்கிவிட்டார்! ஷோவா ஷின்சான் என்று அதற்குப் பெயர். இன்னும் புகைகிறது. நம் ஊர்ப் பெயரில் ‘ஹொகே’ என்றால் கன்னடத்தில் புகை. ஆனால் நம்முடையது வெறும் நீர்த்திவலை. அங்கே புகைவது மெய்யான சூடு.

2000-ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று உசு மலை மறுபடி வெடித்தது. நான்கு நாள் முன்னதாகவே நில அதிர்வுகள் தொடங்கியதால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிவிட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. பெரியவரும் அப்போது ஒரு பையோடு கிளம்பியவர்தான்.

மறுநாள் காலையில் அவர் சொன்ன வழியில் நடந்தேன். சேற்றுப் பெருக்கில் சிக்கிய பொதுக் குளியல் கூடம் ஒன்றை இடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சேறு ஓர் இரும்புப் பாலத்தையே அடித்து வந்து அங்கே போட்டிருக்கிறது. நான் அதிகம் நின்றது அங்கேதான். 2018-ல் காவிரியில் நீர்வரத்து 2 லட்சம் கனஅடியை எட்டியபோது எங்கள் அருவிக்கரை பட்ட பாடு நினைவுக்கு வந்தது. தண்ணீர் எதுவரை ஏறியது என்று காட்ட எங்களிடம் ஒரு கோடுகூட இல்லை.

ஒகேனக்கல்லிலிருந்து, மீன் வறுத்து விற்கும் ஓர் அக்கா:

தம்பி, கோடு இல்லை என்று யார் சொன்னது? என் கடைத் தூணில் இருக்கிறது. அந்த ஆண்டு தண்ணீர் வடிந்ததும் கரித்துண்டால் போட்டேன். ஆற்று நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி என்று காலையில் கேட்காமல் நான் மசாலா அரைப்பதில்லை. பரிசல் நிறுத்தினால் ஆளும் இல்லை, மீனும் போகாது. அந்த ஊரில் வெடித்த பிறகு எத்தனை நாள் கடை மூடியிருந்தார்களாம்?

பென்னாகரத்திலிருந்து:

அக்கா, பெரியவருக்கு வீடு திரும்பவே மாதக்கணக்கில் ஆனதாம். தூணை மாமாவிடம் சொன்னேன். அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.