மூன்றாம் நாள்தான் கொண்டையன் தலையைக் குனிந்தான்

2023 ஏப்ரலில் மகளின் பிரசவத்துக்காக நானும் வீட்டுக்காரரும் மெல்போர்ன் போனோம். கிட்டத்தட்ட ஆறு மாதம். விசா, பெட்டி, பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சாமான் எல்லாம் எப்படியோ தயாராகிவிட்டன. கொண்டையனை என்ன செய்வது என்ற கவலைதான் இரண்டு மாதமாகத் தூக்கத்தைக் கெடுத்தது.

கொண்டையன் எங்கள் காக்டெயில் (cockatiel), தலையில் கொண்டை வைத்த சின்னக் கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் குங்குமத்தை அப்பியது போல ஆரஞ்சு வட்டம். தொண்ணூறு கிராம் இருப்பான். மதுரையில் எங்கள் வீட்டு ஹாலில் ஐந்து வருடமாக அவன் ராஜ்ஜியம்தான். கூடவே கூட்டிப் போகலாமா என்று விசாரித்தேன். ஆஸ்திரேலியாவுக்குள் செல்லப் பறவைகளை நியூசிலாந்திலிருந்து மட்டும்தான் விடுவார்களாம். காக்டெயிலுக்குப் பூர்வீகமே ஆஸ்திரேலியாதான். அவன் சொந்த ஊருக்கு அவனால் போக முடியாது, நான் மட்டும் போகிறேன் என்று நினைத்தபோது என்னவோ போல் இருந்தது.

திருமங்கலத்தில் நாத்தனார் வீட்டில் விட்டோம். அதே கூண்டு, அவன் உட்காரும் அதே கொய்யாக் குச்சி, தினை, கம்பு, கொத்துவதற்குக் கடல் நுரை (கணவாய் ஓடு). ஒரு தாள் நிறைய எழுதியும் கொடுத்தேன்: முருங்கைக்கீரை தினமும் கொஞ்சம், சாக்லேட்டும் அவகாடோவும் கண்ணிலேயே காட்டாதே, நான்-ஸ்டிக் சட்டியை அடுப்பில் காயவிடாதே (அந்தப் புகை பறவையின் நுரையீரலுக்கு விஷம்), ராத்திரி சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். இருட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் காக்டெயில் மிரண்டு கூண்டுக்குள்ளேயே மோதிக்கொள்ளும். அவள் அந்தத் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாள். கிளம்பும்போது நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

மெல்போர்ன் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே வீடியோ காலில் அவனைக் கூப்பிட்டேன். கொண்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். திரையைப் பார்த்தான், ஒரு கண்ணைச் சாய்த்துப் பார்த்தான். அப்புறம் போனைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். அங்கே ஆள் இல்லை. திரும்பவும் முன்னால் வந்து கத்த ஆரம்பித்தான். நாத்தனார் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மதினி, கோவிச்சுக்காதீங்க. நீங்க பேசி முடிச்சப்புறம் ஒரு மணி நேரம் தேடுது. தினைகூடத் தொட மாட்டேங்குது" என்றாள். சரி என்று அன்றோடு நிறுத்தினேன். அதன் பிறகு அவன் தூங்கும் போட்டோ மட்டும் வரும்.

செப்டம்பர் தொடக்கத்தில் மாப்பிள்ளை எங்களை மில்டுராவுக்குக் கூட்டிப் போனார். மெல்போர்னிலிருந்து காரில் ஆறு மணி நேரத்துக்கு மேல். முர்ரே ஆற்றங்கரை ஊர், திராட்சைத் தோட்டங்கள், அதைத் தாண்டினால் வெறும் செம்மண். காலையில் ஊருக்கு வெளியே ஒரு பட்டமரத்தில் சாம்பல் நிறத்தில் இருபது பறவை போல உட்கார்ந்திருந்தன. தூரத்தில் என்ன பறவை என்று தெரியவில்லை. அவை எழும்பியபோது சிறகில் வெள்ளைப் பட்டை மின்னியது, கூடவே அந்தக் குரல் வந்தது. நான் சமையலறைக்குள் போய்விட்டால் கொண்டையன் ஹாலிலிருந்து கூப்பிடுவானே, அதே குரல். பறந்துகொண்டே ஒன்று கூப்பிட, இன்னொன்று பதில் சொல்லிற்று. தண்ணீரும் விதையும் தேடி ஊர் ஊராக அலைகிற கூட்டம், குரலை வைத்துத்தான் ஒன்றையொன்று தொலைக்காமல் வைத்திருக்கின்றன. ஐந்து வருடமாக அவன் கூப்பிட்டதெல்லாம் "எங்கே இருக்கிறாய்" என்ற கேள்வி என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. போனுக்குப் பின்னால் போய்த் தேடியதும் அதற்குத்தான். செம்மண்ணில் நின்று அழுதுவிட்டேன். மாப்பிள்ளை பதறிப்போனார்.

செப்டம்பர் கடைசியில் கொழும்பு வழியாக மதுரை வந்து இறங்கினோம். பெட்டியைப் போட்டுவிட்டு மறுநாளே திருமங்கலம்.

வாசலிலிருந்தே "கொண்டையா" என்றேன். உள்ளே சத்தம் நின்றது. கூண்டுக்குப் பக்கத்தில் போனதும் கொண்டையைத் தட்டையாகப் படியவைத்துக்கொண்டு புஸ்ஸென்று சீறினான். மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டான். நாத்தனார் கதவைத் திறந்ததும் அவள் தோளில் ஏறி, கழுத்தோடு ஒட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான். சொல்வதற்கென்ன, நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. இவளிடம் இவ்வளவு பாசமா என்று ஒரு நிமிஷம் பொறாமைகூட வந்தது. அவன் தைரியமாக ஒண்டுவதற்கு ஒரு தோள் கொடுத்திருக்கிறாளே என்று அப்புறம்தான் தோன்றியது.

அன்றைக்கே தூக்கிக்கொண்டு வரவில்லை. அங்கேயே தங்கினேன். கூண்டுக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன், பேப்பரைச் சத்தமாகப் படித்தேன். அவன் பக்கம் பார்க்கவே இல்லை. இரண்டாம் நாள் ராத்திரி வீட்டுக்காரர்தான் போனில், "உன் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தியா?" என்று கேட்டார். மெல்போர்னில் புதிதாக வாங்கிய தடித்த கறுப்பு ஃப்ரேம். போகும்போது தங்க நிறத்தில் மெல்லிய கம்பிக் கண்ணாடி போட்டிருந்தேன். அவனுக்குத் தெரிந்த முகத்தில் இப்படி இரண்டு பெரிய கறுப்பு வட்டம் கிடையாது.

மூன்றாம் நாள் காலை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தினைக் கதிரைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் நின்றபடி அவன் கூப்பிடுகிற மாதிரியே சீட்டி அடித்தேன். பதில் வந்தது. கிட்டே போனேன். கதிரைத் தொடவில்லை. கம்பிக்கு ஓரமாக நகர்ந்து வந்து, தலையைக் குனிந்து, பிடரியை நீட்டினான்.

அப்போது அவனுக்கு இறகு உதிர்ந்து முளைக்கிற சமயம். தலை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளை முள். புது இறகு ஒரு மெல்லிய உறைக்குள் சுருண்டு வரும். உடம்பில் இருப்பதை அவனே அலகால் கோதிப் பிரித்துக்கொள்வான், தலைக்கு மட்டும் அலகு எட்டாது. ஜோடிப் பறவைதான் கோதிவிட வேண்டும், ஜோடி இல்லாவிட்டால் நாம். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டினேன். உறை பொடிப்பொடியாக உதிர்ந்து உள்ளிருந்து மஞ்சள் இறகு விரிந்தது. அவன் கண் சொருகிவிட்டது. கதவோரம் நின்று பார்த்த நாத்தனார், "என் தோள்ல ஏறுவான், கையில தின்பான். தலையை மட்டும் ஒரு நாளும் தந்ததில்ல மதினி" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

மதுரைக்கு வந்து முதல் நாள் சாயங்காலம் "பீப்... பீப்..." என்று இன்வெர்ட்டர் அலறியது. கரண்ட் இருந்தது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டரே கிடையாது. திருமங்கலத்தில் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாத்தனார் பஸ் பிடித்து வருகிறாள். கேட்டுக்கு வெளியே அவள் செருப்புச் சத்தம் எங்களுக்குக் கேட்பதற்கு முன்பே அந்த "பீப்" ஆரம்பித்துவிடும். அவளும் தெருவில் நின்றபடியே "வந்துட்டேன்டா" என்பாள்.

இதைப் படித்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒரு தோழி எழுதியது:

கண்ணாடி விஷயம் உண்மைதான் அக்கா. என் கணவர் கப்பலில் வேலை. நாங்கள் வளர்ப்பது ஆப்பிரிக்கன் கிரே என்ற பேசும் கிளி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகப் பதிந்து வைத்திருக்கிறோம். அவர் இல்லாத நான்கு மாதமும் அவர் குரலிலேயே "டீ போடு" என்று கேட்கும். முதல் வாரம் திடுக்கிட்டுத் திரும்புவேன், அப்புறம் அதுவே ஆறுதலாகிவிட்டது. அவர் தாடியோடு வந்து நின்றபோது கூண்டின் உச்சிக்கு ஏறிப் பயந்து நடுங்கியது. அவர் கதவுக்குப் பின்னால் மறைந்து நின்று "டீ போடு" என்றார். உள்ளிருந்து "டீ போடு" என்று பதில் வந்தது. தாடியை எடுத்த பிறகுதான் கையில் ஏறியது.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு நண்பர்:

சவுதியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தேன். போகும்போது ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸை அம்மாவிடம் விட்டுப் போனேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் கேட்பேன், "நல்லா இருக்குப்பா" என்பார். வந்து பார்த்தால் பச்சைப் பெட்டை மட்டும் இருந்தது. மூக்குக்கு மேல் நீலமாக இருக்குமே, அந்த ஆண் நான் போன எட்டாம் மாதமே இறந்துவிட்டது. தனியாக அங்கே கிடக்கிற பிள்ளை, சாப்பிடாமல் இருந்துவிடுவான் என்று அம்மா சொல்லவில்லை. கூண்டில் அதன் பக்கத்துத் தண்ணீர்க் கிண்ணத்தையும் கழுவி நிரப்பியே வைத்திருந்தார். அஞ்சறைப்பெட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். உள்ளே நீல வால் இறகு ஒன்று, பஞ்சில் சுற்றி இருந்தது.