பதினைந்து வயதுக்கு டெலிபோட்டோ லென்ஸ்: நாம் வாங்கித் தருவதா, அவளே சேர்த்து வாங்கட்டுமா?

கூட்டல்கழித்தல்:
மகளுக்கு வயது 15. பறவைகளைப் படம் எடுப்பதில் பைத்தியம். இதுவரை என்னுடைய பழைய கேமராவையும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸையும் வைத்துச் சமாளித்தாள். இப்போது 150-600 டெலிபோட்டோ லென்ஸ் வேண்டும் என்கிறாள். எண் பெரிதாக ஆக, தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியுமாம். விலையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. வாங்கவே முடியாது என்றில்லை, வாங்கினால் வீட்டில் வேறு இரண்டு மூன்று காரியங்கள் தள்ளிப்போகும். "நல்ல பழக்கம்தானே, வாங்கிக் கொடுத்துவிடுவோம்" என்கிறார் மனைவி. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆசைப்பட்டவள் அவள், காசையும் அவளே சேர்க்கட்டும் என்பது என் கட்சி. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்:
நானும் உங்கள் கட்சிதான் சார். கேட்டதும் கிடைக்கிற பொருளுக்கு வீட்டில் மதிப்பு இருக்காது. எங்கள் அண்ணன் பையனுக்கு ஒரு கீபோர்டு, ஒரு ஸ்கேட்போர்டு, ஒரு டிரோன் வாங்கினார்கள். மூன்றும் பரண் மேல் இருக்கின்றன. டிரோனின் இறக்கைப் பாக்கெட்டை இன்னும் பிரிக்கவே இல்லை. அவன் இப்போது நான்காவதாக ஏதோ கேட்கிறான். ஒரு வருடம் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஆசை உண்மையானது என்றால் வருடம் கழித்தும் இருக்கும்.

நிலாமுற்றம்:
"அவளே சேர்க்கட்டும்" என்று சொல்வது சுலபம். எதிலிருந்து சேர்ப்பாள்? வேலைக்குச் சேரும் குறைந்தபட்ச வயது பற்றி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138-ஆவது உடன்படிக்கை 1973-லேயே வந்துவிட்டது. பொதுவான வயது வரம்பு 15. படிப்புக்கு இடைஞ்சல் இல்லாத இலகு வேலை என்றால் 13. வளரும் நாடுகள் ஆரம்பத்தில் 14, 12 என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது இந்தப் பெண் இப்போதுதான் அந்த வரம்பையே தொட்டிருக்கிறாள். பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம் போக மிஞ்சும் நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால் எவ்வளவு வரும்? லென்ஸ் கைக்கு வரும்போது கல்லூரியில் இருப்பாள்.

பிள்ளைக்குக் கைச்செலவுக் காசு கொடுப்பதும் நீங்கள்தான். அதில் சேர்த்து வாங்கினாலும் அது உங்கள் காசுதானே? ஒரு தடவையாகக் கொடுக்காமல் தவணையில் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

வழிப்போக்கன்:
ஒரு லென்ஸுக்காக உலக உடன்படிக்கை வரை போய்விட்டீர்களே அக்கா! தவணை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசில் நண்பர்களோடு சினிமாவுக்குப் போவதா, லென்ஸுக்கு ஒதுக்குவதா என்று முடிவு செய்வது அவள். கணக்குப் போடத் தெரிவது அங்கேதான். ஒரே தடவையில் வாங்கிக் கொடுத்துவிட்டால் அவள் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதே இல்லை.

பழையகிட்டார்:
நான் கிட்டார் சொல்லித் தருபவன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக விருப்பமில்லை. என் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன்.

"எப்படியும் விட்டுவிடுவான், எதற்குச் செலவு" என்று இருப்பதிலேயே மலிவான கிட்டாரை வாங்கிக் கொடுப்பார்கள். தந்திக்கும் பலகைக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கும். அழுத்தி அழுத்திப் பிள்ளையின் விரல் நுனி சிவந்து தடித்துப்போகும். ஆறு தந்தியையும் ஒரே விரலால் அழுத்தும் எஃப் கார்டு வந்ததும் பையன் கையை உதறிக்கொண்டு, "எனக்கு வராது சார்" என்பான். அதே பையனிடம் என் கிட்டாரைக் கொடுத்தால் தட்டுத்தடுமாறியாவது வாசித்துவிடுவான். குறை கருவியில்தான். தந்திகளைத் தாங்கும் பாலத்தின் மேலுள்ள வெள்ளைப் பட்டையைக் கொஞ்சம் தேய்த்து, கழுத்துக்குள் இருக்கும் கம்பியைச் சரியாக முறுக்கினால் முக்கால்வாசி பிரச்சினை தீர்ந்துவிடும். அதற்குப் பெரிய செலவும் இல்லை. இது தெரியாத வீட்டில், "பார்த்தாயா, விட்டுவிட்டான்" என்று அப்பாவின் சந்தேகம் ஜெயித்துவிடும்.

அதனால் என் கட்சி இது. ஒழுங்காக வேலை செய்யும் கருவி ஒன்றைப் பெற்றோர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் பிராண்டு, நிறம், மேடையில் பார்த்த அந்த மாடல் எல்லாம் அவர்கள் சேர்த்த காசில். வயலினில் இதற்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. கால், அரை, முக்கால் என்று பிள்ளை வளர வளர அளவு மாறும் என்பதால் பலரும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

கூட்டல்கழித்தல்:
அப்படியென்றால் என் 18-55 லென்ஸ் குறையுள்ள கருவியா? குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் எடுத்தோம், நன்றாகத்தானே வந்தன.

லென்ஸ்கிறுக்கன்:
குடும்பப் படத்துக்கு அருமையான லென்ஸ். பறவைக்கு ஆகாது. 600-இல் படத்தை நிறைக்கும் மீன்கொத்தி, அதே இடத்தில் நின்று 55-இல் எடுத்தால் ஏறத்தாழ பதினொன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத்தான் தெரியும். புள்ளி மாதிரி. பெரிதாக்கிப் பார்த்தால் கட்டம் கட்டமாக உடையும். உங்கள் மகள் அதை வைத்து இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாள் என்றால் அவளுக்குப் பொறுமை ஜாஸ்தி. அந்தப் பொறுமை கடையில் கிடைக்காது.

ஆனால் 150-600 இப்போதே தேவையா என்பது வேறு கேள்வி. அந்த ரக லென்ஸ் ஏறத்தாழ 2 கிலோ இருக்கும். 15 வயதுக் கை எவ்வளவு நேரம் தூக்கும்? 600-இல் அதன் துவாரம் f/6.3-க்கு மேல் திறக்காது, அதாவது உள்ளே வரும் வெளிச்சம் குறைவு. விடியற்காலை வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றித்தான் ஆக வேண்டும். ஏற்றினால் பழைய கேமரா பாடியில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். அப்புறம் "அப்பா, பாடியும் மாற்ற வேண்டும்" என்பாள். பிறகு டிரைபாட், மெமரி கார்டு, ஹார்டு டிஸ்க். லென்ஸின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பின்னால் வரிசை கட்டி நிற்பவற்றையும் எண்ணுங்கள்.

செகண்ட் ஹேண்டில் 70-300 பாருங்கள். கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) பாடியில் அது 450 வரை எட்டும் லென்ஸ் போல வேலை செய்யும். வாங்கும்போது கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை, தொடவே வேண்டாம். நல்ல லென்ஸ் கேமரா பாடியைப் போல வேகமாக விலை இறங்காது. வேண்டாம் என்று தோன்றினால் விற்றுக்கொள்ளலாம். பெரிய லென்ஸை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துக் கையில் கொடுத்துப் பாருங்கள். பாதி ஆசை அந்த எடையிலேயே தெளிந்துவிடும்.

வழிப்போக்கன்:
ஆக மொத்தம் செலவு உண்டு. அப்படியென்றால் குறைந்தபட்சம் ஒரு நிபந்தனையாவது போடுங்கள் சார். தேர்வில் இத்தனை மதிப்பெண் எடுத்தால் லென்ஸ். படிப்பும் நடக்கும், பிள்ளைக்கும் உழைத்து வாங்கினோம் என்ற நினைப்பு இருக்கும்.

பழையகிட்டார்:
அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஏற்கெனவே ஸ்கெட்ச் பேனாவில் ஆசையாகப் படம் வரைகிற பிள்ளைகளில் ஒரு குழுவிடம், "வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. பிறகு பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

மதிப்பெண்ணுக்கு லென்ஸ் என்றால் இங்கே பரிசாக நிற்பது லென்ஸ். பறவை மேலுள்ள ஆசைக்கு ஒன்றும் ஆகாது. படிப்பின் மேல் கொஞ்சநஞ்சம் விருப்பம் இருந்தால் அதுதான் அடிபடும். வாங்கித் தருவதானால் நேராக வாங்கித் தாருங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். வேதியியல் மதிப்பெண்ணை நடுவில் இழுக்காதீர்கள்.

நிலாமுற்றம்:
நிபந்தனை போட்டும் நல்லபடியாக முடிந்த கதையும் உண்டு. ஃபார்முலா 1 வீரர் லூயிஸ் ஹாமில்டனின் அப்பா அந்தோனி, மகனின் கார்ட் (சிறு பந்தய வண்டி) பந்தயத்துக்காக ஒரே நேரத்தில் பல வேலைகள் பார்த்தார். பள்ளியில் ஒழுங்காகப் படித்தால் பந்தயத்துக்குத் துணை நிற்பேன் என்பதுதான் அவர் பேச்சு. 1998-இல், லூயிஸுக்கு 13 வயதாகும்போது, மெக்லாரன் அணி அவரைத் தன் இளம் வீரர் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. "நீயே சேர்த்துக்கொள்" என்று அந்த அப்பா சொல்லியிருந்தால்?

வழிப்போக்கன்:
அவர் ஜெயித்ததால் அந்தக் கதை நம் காதுக்கு வந்தது. அதே மாதிரி கடன் வாங்கிக் கார்ட் ஓட்டவைத்து, பையன் பதினாறு வயதில் "போதும்பா" என்று இறங்கிவிட்ட வீடுகளைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்? ஒரு ஹாமில்டனைக் காட்டி ஊரில் உள்ள அப்பாக்களையெல்லாம் இரண்டு வேலை பார்க்கச் சொல்லாதீர்கள் அக்கா.

நிலாமுற்றம்:
சரி, அது நியாயம். ஆனால் கூட்டல்கழித்தல் சாரின் மகள் உலக சாம்பியன் ஆக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லையே. சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதானே சொல்கிறோம். அதற்கு ஏன் பலன் கேட்க வேண்டும்? 1989-இல் வந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆவது பிரிவில் ஓய்வு, விளையாட்டு, கலை எல்லாம் வருகின்றன. (தெரியும், மறுபடியும் உலக உடன்படிக்கை. லென்ஸ் உரிமை என்று அதில் எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.)

பதினேழு:
நான் உங்கள் எல்லோரையும்விடச் சின்னவன், நடுவில் பேசலாமா? நான் டென்னிஸ் ஆடுகிறேன். அப்பாதான் எல்லாச் செலவும் செய்கிறார். பயிற்சியாளர், ராக்கெட் தந்தி அறுந்தால் மாற்றுவது, ஷூ, வெளியூர்ப் போட்டி எல்லாமே. குறை சொல்லவில்லை, கஷ்டப்பட்டுத்தான் கொடுக்கிறார்.

ஆனால் காசு அவருடையது ஆனதும் ஆட்டமும் அவருடையது ஆகிவிட்டது. தோற்றுவிட்டு வந்தால் காரில் ஏறிய உடனே, "இரண்டாவது செட்டில் ஏன் நெட் பக்கம் போகவே இல்லை?" என்று ஆரம்பிப்பார். வீடு வரும்வரை நான் ஜன்னல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு மாதம் விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்து பார்க்கலாமா என்று கேட்கக்கூட முடியவில்லை. "இவ்வளவு செலவு செய்த பிறகா?" என்பார். அவர் கேட்பதும் நியாயம்தான், அதனால்தான் பதில் பேச வரவில்லை.

என் தோழி ஒருத்தி குதிரை லாயத்தில் காலையில் சாணம் அள்ளி, வைக்கோல் மாற்றி, அதற்குப் பதிலாகச் சவாரி கற்றுக்கொள்கிறாள். முழங்கால் வரை சேறு. ஆனால் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. நாளைக்கே நிறுத்தினாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். எனக்கு அவளைப் பார்த்தால் பொறாமை.

அதனால் அங்கிள், வாங்கிக் கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட, வாங்கிக் கொடுத்த பிறகு தினமும் "இன்று எத்தனை படம் எடுத்தாய்?" என்று கேட்பீர்களா என்று யோசியுங்கள்.

வழிப்போக்கன்:
தம்பி, காசு போட்டவர் ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது என்றால் எப்படி? அப்பா என்ன ஏடிஎம் மெஷினா?

பதினேழு:
கேட்கலாம் அண்ணா. வாங்குவதற்கு முன்னால் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். வாங்கிய பிறகு கேட்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மடிக்கணினி:
பறவையாவது பரவாயில்லை. என் பையனின் பொழுதுபோக்கு கேம். அதில் பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன வரும் என்று தெரியாமலே காசு கட்ட வேண்டும். பெல்ஜியத்தில் 2018-இலேயே அந்த வகைப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கும் பெற்றோர் கொடுக்க வேண்டுமா நிலாமுற்றம்?

நிலாமுற்றம்:
வேண்டாம். கார்டை முதலில் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அது வேறு, இது வேறு.

கூட்டல்கழித்தல்:
எல்லோருக்கும் நன்றி. பதினேழு எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். "ஆமாம், நீங்களும் அப்படித்தான் கேட்பீர்கள்" என்று பட்டென்று சொல்லிவிட்டாள். நான் என்ன பதில் சொல்ல?

பேசி முடித்தது இதுதான். இப்போதைக்குப் பெரிய லென்ஸ் இல்லை, செகண்ட் ஹேண்ட் 70-300. பாதி அவள் சேமிப்பு, மீதி நான். "நீங்கள் போடும் பாதியை மாதாமாதம் திருப்பித் தருகிறேன், ஆனால் படத்தைப் பற்றி நானாகச் சொன்னால் தவிர யாரும் கேட்கக்கூடாது" என்கிறாள். மனைவிக்குச் சிரிப்பு. எனக்கு இன்னும் ஒரு நெருடல் இருக்கிறது. சின்னவனுக்குக் கால்பந்து. ஒரு ஜோடி ஷூவோடு அவன் செலவு முடிந்துவிடுகிறது. அக்காவுக்கு மட்டும் லென்ஸா என்று நாளைக்குக் கேட்டால்?

நிலாமுற்றம்:
கேட்டால் அவனுக்கு வேண்டியதை வாங்கிக் கொடுங்கள். இருவருக்கும் ஒரே தொகை என்று தராசு பிடிக்காதீர்கள். ஆனால் பிள்ளையிடம் மாதத் தவணை வசூலிப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வழிப்போக்கன்:
எனக்கு அந்த ஒன்றுதான் பிடித்திருக்கிறது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள் சார்.

பதினேழு:
எழுதும்போது, பின்னால் லென்ஸை விற்றால் காசு யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள் அங்கிள்.

லென்ஸ்கிறுக்கன்:
அதற்கு முன்னால் உங்கள் கேமரா மாடல் என்ன என்று சொல்லுங்கள். சில ஆரம்ப நிலைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இருக்காது. பழைய லென்ஸ் ஏதாவது மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், பறக்கிற பறவைக்கு அது நடக்காது. மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிற மாடலாகப் பாருங்கள்.